பேரணாம்பட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பிய நாள்

மிஷன் கார் பள்ளிகொண்டாவில் டீசல் போட நின்றது. காலை பத்து மணி இருக்கும். பின்சீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். டிக்கியில் ஒன்றரை வருடச் சாமான். அப்போதுதான் என் போன் அடித்தது. பேரணாம்பட்டு டிரெய்னிங் சென்டரிலிருந்து ஷாஹின்.

எடுத்ததும் அழுகை. "ஆபா, பொண்ணுக்கு இன்னா ஆச்சு? ஐசியுல வெச்சிருக்காங்களாமே? நாங்க எல்லாரும் இங்கதான் கீறோம். யாருக்கும் கை ஓடல."

அக்காவை அவர்கள் வீட்டில் ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகள் ஓசூரில் இருக்கிறாள். அன்று காலை ஏழு மணிக்குத்தான் என்னோடு பேசினாள். தோசை மாவு புளித்துப்போய்விட்டது என்று புலம்பினாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

அந்த அழுகைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சபையில் அடுத்து சீனியர் மிஷனுக்குப் பேர் கொடுத்திருக்கும் நாலு தம்பதிகள், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். சந்தோஷமான சங்கதி வரும் என்று நினைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது கோபம். அதையே எழுதித் தருகிறேன்.

1. லைன் டிஸ்டர்ப் ஆகக் கூடாது

என் பெயர் ரூபி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, அப்பர் ஸ்டிச்சிங் லைனில் சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற இடம் அது. என் வீட்டுக்காரர் தேவராஜ் அதே கம்பெனியில் மெஷின் மெக்கானிக். அவருக்குப் பேச்சு கம்மி. எனக்கு ஜாஸ்தி. எனக்குக் கோபமும் ஜாஸ்தி என்று என் லைனில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சூப்பர்வைசரை வேறு லைனுக்கு மாற்றினால் லைனில் இருக்கும் பெண்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் அந்த சூப்பர்வைசரும் வாய் திறக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் புது முகம் நிற்கும். முன்னாலேயே சொன்னால் பெண்கள் அழுவார்கள், கும்பலாக நின்று பேசுவார்கள், அன்றைய புரொடக்‌ஷன் விழுந்துவிடும். "லைன் டிஸ்டர்ப் ஆகக் கூடாதும்மா" என்பார் எங்கள் மேனேஜர்.

நானும் அப்படி மூன்று முறை லைன் மாறியிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு. மூன்றாவது முறை, பழைய லைன் பெண் ஒருத்தி கேன்டீனில் என்னைப் பார்த்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு டேபிளுக்குப் போனாள். 'இவளுக்கு இன்னா திமிரு' என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

2. ஷாஹின்

ரிட்டயர் ஆன தம்பதிகள் பதினெட்டு மாதம் ஓர் ஊரில் போய்த் தங்கிச் சம்பளமில்லாமல் சேவை செய்வதற்குப் பேர்தான் சீனியர் மிஷன். எங்களைப் பேரணாம்பட்டில் போட்டார்கள். பீடி சுற்றுகிற பெண்களுக்கு நான் அப்பர் தைக்கச் சொல்லித்தர வேண்டும், அவர் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரமே ஷாஹினோடு சண்டை. முப்பத்தெட்டு வயசு, சின்ன வயசிலிருந்து பீடி சுற்றிய கை. ஃபோல்டிங் சொல்லிக்கொடுத்தேன். தோலின் ஓரத்தைச் சீவி, சொல்யூஷன் தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டுகிற வேலை. அவள் மடித்தது கோணலாக இருந்தது. "ரிஜெக்ட்!" என்று கத்தி, கம்பெனிப் பழக்கத்தில் பீஸை அவள் பக்கம் விசிறிவிட்டேன்.

அவள் நிதானமாகக் குனிந்து எடுத்தாள். "ஆபா, தோல எங்க வேணா தூக்கிப் போடுங்க. எம் மூஞ்சில போடாதீங்க" என்றாள்.

அன்றைக்கு வெட்கப்பட்டேன். மறுநாள் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் ஃபோல்டிங்கில் என்னைத் தாண்டிப் போனாள். பக்கத்து மெஷின் செல்வி எப்போதும் சிரிப்பு, எப்போதும் பேச்சு. மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தபோது ஷாஹின் தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். லைனில் எனக்குக் கீழே எத்தனையோ பேர் இருந்தார்கள். தோஸ்த் என்று ஒருத்தி கிடைத்தது அறுபது வயசுக்கு அப்புறம் பேரணாம்பட்டில்தான்.

3. "சென்டிமென்ட் வேணாம் சிஸ்டர்"

எங்கள் மிஷன் முடிவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது கோஆர்டினேட்டர் எட்வின் வந்தார். என் மகன் வயசு. கையில் ஃபைல்.

"சிஸ்டர், போன தம்பதிக்கு ஃபேர்வெல் வெச்சோம். ஒரே அழுக. மறுவாரம் பாதி லேடிஸ் வரல. இந்தத் தடவ வெள்ளிக்கெழம புதுத் தம்பதிக்கு வெல்கம் மீட்டிங். வெளியூர்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க. ஹால் நெறஞ்சிருக்கணும். நீங்க செவ்வாக்கெழம ஒம்போது மணிக்குக் கெளம்பிடுங்க. லேடிஸ் ஒம்போதரைக்குத்தான வர்றாங்க. நாங்க பக்குவமா சொல்லிக்கறோம்."

"ஒரு வார்த்தகூடச் சொல்லாமயா?"

"சென்டிமென்ட் வேணாம் சிஸ்டர். இன்னொண்ணு, ஒரு வருஷத்துக்கு இங்க வர்றது, போன் பண்றது எதுவும் வேணாம். புதுசா வர்றவங்க காலூன்றணும் இல்ல?"

ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் ஒரு பஸ் தூரம். ஒன்றரை வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளை, ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வருடம் பார்க்கக் கூடாதாம். 'உன் ஃபைலைக் கொண்டுபோய் அடுப்பில் போடு' என்று சொல்லியிருக்க வேண்டாமா நான்? சொல்லவில்லையே! "சரி பிரதர்" என்றேன்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார். "நீயா ஒத்துக்கிட்ட?"

"லைன் டிஸ்டர்ப் ஆகக் கூடாதுங்க" என்றேன். என் வாயால்.

மூன்று வாரமும் ஷாஹினோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். "பதினெட்டு மாசம் ஆவப்போதே, எக்ஸ்டென்ஷன் கேளுங்க ஆபா" என்றாள். "பாக்கலாம்" என்றேன். திங்கட்கிழமை சாயந்திரம் பர்தாவை மாட்டிக்கொண்டே, "நாளைக்குக் கைமா உருண்ட கொண்டாறேன், நீங்க டிபன் கட்டாதீங்க" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் காரில் ஏறிவிட்டேன். வேலூர் ஆபீஸில் ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு ஆம்பூர் போவதாக ஏற்பாடு.

4. ஐசியு

இப்போது பள்ளிகொண்டாவுக்கு வருகிறேன். ஷாஹின் போனில் அழுகிறாள். என் மகளை ஐசியுவில் போட்டது யார் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. 'பக்குவமாகச் சொல்வது' என்றால் இதுதான்.

என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "இப்பப் பரவால்லம்மா, அழாத" என்றேன்.

ஆமாம், அதைத்தான் சொன்னேன். கோபம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, சொல்லாமல் கிளம்பியதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது, ஷாஹின் என்னைத் தப்பாக நினைக்கமாட்டாள் என்று ஒரு நிம்மதி. பெற்ற பிள்ளையை ஐசியுவில் படுக்கவைத்து அதில் எனக்கு ஒரு நிம்மதி! இதை எழுதும்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "இப்பப் பரவால்லன்னியே, யாருக்கு?"

சொன்னேன். அவர் கார்க் கதவைத் திறந்து இறங்கி வெளியே நின்றார். முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு முறைதான்.

எட்வினுக்குப் போன் போட்டேன். "எம் பொண்ண ஐசியுல போட்டது நீங்களா?"

"சிஸ்டர், ஏதாவது ஒரு காரணம் சொல்லணுமில்ல. எல்லாரும் ஜெபம் பண்றாங்க, நல்லதுதான?"

"அப்ப உங்க பொண்ண வெச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதான?"

போனை வைத்துவிட்டு டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். "சாரக் கேக்காமத் திருப்ப முடியாதும்மா" என்றான். சாமான் வேலூருக்கே போகட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு பேரும் பஸ் பிடித்துக் குடியாத்தம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பேரணாம்பட்டு போனோம். உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே போனேன். என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

5. நேர்த்தி

உள்ளே ஒரு மெஷினும் ஓடவில்லை. எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் முக்காடு போட்டுக் கையேந்தி துவா செய்துகொண்டிருந்தார்கள். செல்வி மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து கையில் வைத்திருந்தாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். என் பெண்ணுக்காக.

என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்கள். ஆபீஸ் ரூமிலிருந்து எட்வினும் ஓடிவந்தார். "சிஸ்டர், உள்ள வாங்க, ரூம்ல பேசிக்கலாம்."

"ரூம்ல பேசினதுதான் இங்க வந்து நிக்குது. இங்கயே பேசறேன்" என்றேன்.

பேசினேன். "எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. ஐசியு எல்லாம் பொய். எங்க மிஷன் முடிஞ்சுபோச்சு, அதான் கெளம்பினோம். மூணு வாரமா எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லல."

எட்வின் நெளிந்தார். "பெரியவங்க நீங்களே ரூல்ஸ மீறலாமா சிஸ்டர்?"

பஸ்ஸில் சேர்த்துவைத்த எல்லாவற்றையும் அவர் மேல் கொட்டினேன். "ஹால் நெறையணும்னு ஒரு பொண்ணச் சாகக் கெடத்துவீங்களா? இவங்கள்லாம் யாரு, உங்க மீட்டிங்குக்கு வாடகைக்கு எடுத்த சேரா?" இன்னும் என்னென்னவோ. என் குரல் தெருவரை கேட்டிருக்கும். அவர் முகம் சிவந்துபோய் ரூமுக்குள் போய்விட்டார். நியாயத்தைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷாஹின் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் பேசினாள்.

"போன்ல கேட்டன்ல ஆபா. பரவால்லன்னீங்களே. அத யார் சொல்லிக் குடுத்தது? அந்த எட்வின் சாரா?"

"இல்லம்மா. நானேதான்."

"நேத்து கைமா உருண்ட கொண்டாறேன்னேன். சரின்னீங்களே. அது?"

"அதுவும் நான்தான்."

"அவருக்கு நாங்க யாருன்னே தெரியாது. அவர் பொய் சொன்னா எனக்கு இன்னா? நீங்க சொன்னீங்களே. நான் பொண்ணு நல்லாயிட்டா மூணு நோன்பு வெக்கறேன்னு நேர்ந்துக்கிட்டேன்."

"ஐயோ, வேணாம்மா! பொய்யின்னு ஆனதுக்கு எதுக்கு நோன்பு?"

"பொண்ணு நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் இருக்கா."

"அப்ப வெச்சுத்தான ஆவணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

செல்வி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மெஷின்களுக்குக் கடைசியாக ஒரு முறை எண்ணெய் விட்டார். நான் ஷாஹின் பக்கத்தில் போய் நின்று, "போய்ட்டு வர்றேன்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. மெஷினைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினாள்.

6. உங்களுக்கு

வெள்ளிக்கிழமை மீட்டிங் நன்றாக நடந்ததாகச் செல்வி போனில் சொன்னாள். ஹால் நிறைந்ததாம். எட்வினுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். புதுத் தம்பதி பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்களாம். ஷாஹின் எழுந்து, "நீங்க எந்தத் தேதியில கெளம்புவீங்க? அத இப்பவே சொல்லிடுங்க" என்றாளாம்.

போகப்போகும் நாலு தம்பதிகளுக்கும் சொல்கிறேன். உங்களையும் இந்தக் கேள்வி கேட்பார்கள். கேட்காவிட்டாலும் தேதியை நீங்களே முதல் நாளே சொல்லுங்கள். போகிற தேதி ஆபீஸ் சொத்து இல்லை. அழுதால் அழட்டும். ஒரு வாரம் வேலை கெட்டால் கெடட்டும். சொல்லாமல் போங்கள் என்று எவனாவது ஃபைலோடு வந்தால் வாசலோடு அனுப்புங்கள். நான் எட்வின் மேல் வைத்த கோபம் இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். ஆனால் 'சரி' என்று சொன்ன வாய் என்னுடையது. அன்றைக்குக் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு போனவளுக்கும் திமிர் இல்லை. இது எனக்கு ரிட்டயர் ஆனபின் புரிந்து என்ன பிரயோஜனம்?

புதன், வியாழன், வெள்ளி என்று ஷாஹின் மூன்று நோன்பும் வைத்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் நான் போன் செய்தேன். ரூல்ஸாவது ஒண்ணாவது. எடுத்தாள்.

"நோன்பு தொறந்துட்டியாம்மா?"

"ம். பொண்ணு நல்லா கீதா?"

"நல்லா இருக்கா."

"சரி ஆபா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.