எதிர்க்கடைக்காரி

பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வகிடு அகன்று மண்டை தெரிந்தது. அவள் வேலை பார்த்த அழகு நிலையத்தில் முதலாளியம்மா மூலிகை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "உன் தலையைப் பார்த்தா என் எண்ணெயை எவ வாங்குவா? பின்னாடி போய் துண்டு துவை," என்று விரட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

துண்டுகளை அடித்துத் துவைத்தபடியே அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அவள் தேடிப் போன ஆயுர்வேத மருத்துவரம்மா நாடி பிடித்துப் பார்த்தார். "பித்தம் ஏறியிருக்கு, ரத்தமும் கம்மி. எண்ணெய் மட்டும் தேய்ச்சா போதாதும்மா. நல்லா சாப்பிடு, தூங்கு, ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கோ," என்று நெல்லிக்காய் லேகியமும் கரிசலாங்கண்ணித் தைலமும் கொடுத்தார். "பழையபடி முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

மாதங்கள் கழித்துப் பூனைமுடியாய் முளைத்தது. அது காதளவு வளர்ந்ததும் வேலையை விட்டாள். அந்த அழகு நிலையத்துக்கு நேர் எதிரே, அதே தொழிலுக்குத் தானும் சின்னதாக ஒரு கடை பிடித்தாள். முதலாளியம்மா கதவு திறக்கும் நேரம் பார்த்துத் தன் கடை வாசலில் நின்று தலை சீவினாள். முடி கொட்டுகிறது என்று வந்தவர்களிடம், "முதல்ல டாக்டரைப் பாருங்க," என்றாள். அந்த நேர்மைக்காகவே கூட்டம் இந்தப் பக்கம் சாய்ந்தது.

ஒரு மதியம் முதலாளியம்மாவே தெருவைக் கடந்து வந்தாள்.

"பழசை மறந்துடும்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே நடத்தலாம்."

"மறக்கறதுக்கா இவ்ளோ பாடுபட்டேன்? உங்க கடை காலியாகறதை உட்கார்ந்து பாக்கணும். அதுக்குத்தான் இந்த இடத்தைப் பிடிச்சேன்."

முதலாளியம்மா தலைகுனிந்து திரும்பியபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை. நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.