இருபது ஏலக்காய்

இம்மானுவேல் அண்ணாச்சி பதினோராவது சுற்றில் இருக்கிறார். வெளியே சாரல் என்பதால், போடியில் தன் வீட்டை ஒட்டிய கிட்டங்கிக்குள் ஏலக்காய் மூட்டைகளைச் சுற்றி நடக்கிறார். இதற்கென்றே சட்டையில் இன்னொரு பை தைத்திருக்கிறார். இடது பையில் இருபது காய். சுற்றுக்கு ஒன்று வலது பைக்கு மாறும். ஆனால் நாற்பது வருஷம் காயைக் கடித்துத் தரம் பார்த்த பல் சும்மா இருக்குமா? பேச்சுவாக்கில் ஒன்று வாய்க்குள் போய்விடும்.

“அடக் கொடுமையே, இது ஒம்பதா, பத்தா?” என்பார். குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லித் தொடர மனம் வராது. மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்துச் சேர்த்து, முதலிலிருந்து தொடங்குவார்.

வயது அறுபத்தெட்டு. நாலு வீடு தள்ளியிருக்கும் சர்ச்சுக்கே பைக்கில் போன மனிதர். வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் இவர் இருமல் தெருவுக்கே கேட்கும். இந்த வருஷம் மனைவி ஜெபஷீலாவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிறது. அந்த உடம்பு ஒரு சாதாரணச் சளியைக்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு மூக்கு ஒழுகினால் மனைவி பக்கத்தில் உட்கார முடியாது.

“நடந்தா சளியே வராதுன்னு டாக்டரம்மா சொல்லல தம்பி,” என்றார், எதிர்க் கடைக்காரனான என்னிடம். “வயசானா உள்ள இருக்க காவக்காரனும் கண்ணசந்துருவானாம். தெனம் நடந்தா கொஞ்சம் முழிச்சிருப்பானாம். போட்ட தடுப்பூசியும் நல்லாப் பிடிக்கும்னாக.”

கிட்டங்கி வாட்ச்மேன் முத்துப்பாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “நான் எப்பண்ணாச்சி கண்ணசந்தேன்?”

சாரல் விழுந்து மூன்று வாரமாகிறது. இருமல் இல்லை. நடையா, ஊசியா, ஆண்டவரா, எனக்குத் தெரியாது. இப்படியே இருக்கட்டும் என்று எனக்கும் வேண்டுதல்தான்.

இருபதும் முடிந்தால் காய்களை உள்ளங்கையில் பரப்பி ஜெபஷீலாவிடம் காட்டுவார். அவர் எண்ணிப் பார்த்த பிறகுதான் டீ. இன்றும் அப்படித்தான் போனார். வாசற்படியில் கால் வைத்ததும் தும்மினார். ஒரு தடவைதான்.

“காய்த் தூசிங்க. உள்ள வாங்க, டீ ஆறுது,” என்றார் ஜெபஷீலா, தலையில் கட்டிய துணியைச் சரிசெய்தபடி. தூசிதான் என்று எனக்கும் தோன்றியது.

அண்ணாச்சி இரண்டடி பின்னால் நகர்ந்தார். “நீ சூடாக் குடி ஷீலா. நான் இன்னைக்கு அங்கனயே படுத்துக்கிறேன்.”

வலது பையிலிருந்த இருபது காயையும் அள்ளி இடது பையில் போட்டுக்கொண்டு, கிட்டங்கியைப் பார்த்து நடந்தார்.