நானூற்று நாற்பத்தாறில் ஒரு புல்லாங்குழல்

புதுக் கீபோர்ட்டை மேசையில் வைத்து ஒரு கட்டையை அழுத்தினேன். டக் என்றது. இன்னொன்றை அழுத்தினேன். அதுவும் டக். பிளாஸ்டிக்கில் விரல் பட்ட சத்தம், வேறொன்றுமில்லை. அதற்குள் இசை கிடையாது என்று கடைக்காரர் சொல்லித்தான் தந்தார். இசையெல்லாம் கணினிக்குள் இருக்கும். விரல் எங்கே பட்டது, எவ்வளவு பலமாகப் பட்டது என்ற செய்தியை மட்டும் இது வயர் வழியே கொண்டுபோய்ச் சேர்க்கும். தெரிந்திருந்தும் வயரைக் கொழுவாமலே ஒரு முழுப் பாட்டையும் வாசித்து முடித்தேன். சத்தத்தைக் கழற்றி வைத்துவிட்டால் ஒரு பாட்டில் என்ன மிஞ்சும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மழை விட்ட பிறகு தகரத்திலிருந்து சொட்டுகிற மாதிரி ஏதோ மிஞ்சியது.

பக்கத்தில் பழையது இருந்தது. அண்ணா கட்டாரிலிருந்து கொண்டு வந்தது. பிறகு கனடாவுக்குப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனது. தூக்க இரண்டு பேர் வேண்டும். அதற்குக் கணினி தேவையில்லை, வேறு எதுவுமே தேவையில்லை. வயலின், தபேலா, தாளம், பதிவு எல்லாம் அந்த ஒரே உடம்புக்குள் இருந்தன. மின் ஆளியைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்து அமர்வதற்குள் தயாராகிவிடும். தீப்பெட்டி அளவு திரை. நாளாக நாளாக உப்புவெளிக் காற்று அதன் இடது பக்கத்தைத் தின்றுவிட்டது. எழுத்துகளின் வால் மட்டும் தெரியும். மூன்று கட்டைகள் இறங்கினால் ஏறுவதில்லை. அதனால்தான் புதியதை வாங்கினேன்.

சீனன்குடாவில் வேலை முடிந்து வந்த என் கணவர் மேசையைப் பார்த்தார். "உதுக்கு ஒரு கீபோர்ட், அதுக்கு ஒரு கம்பியூட்டர், அதுக்கு ரெண்டு ஸ்பீக்கர். இனி வீட்டுக்கு ஆக்கள் வந்தால் எங்க இருத்திறது?"

"உங்கட மோட்டார் சைக்கிளில இருத்துங்கோ."

முதல் வாரம் நான் எதையும் வாசிக்கவில்லை. பழையதில் இருந்தவை மூன்றே மூன்று வயலின். முப்பத்தேழாம் இலக்கம்தான் நல்லது என்று விரலுக்கே தெரியும். கணினியில் எண்ணி முடியாத வயலின்கள். மண்டபத்தில் வாசித்த வயலின், தனியறையில் வாசித்த வயலின், களைத்துப்போன வயலின். ஒரு பின்னேரம் முழுக்க ஒரே கட்டையை அழுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தது, அண்ணாவுடன் தொலைபேசியில் கதைக்கும்போது இருக்கிற அதே இடைவெளி. அதைக் குறைக்க ஓர் எண்ணை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க இன்னொரு பின்னேரம் போயிற்று. எனக்கு அலுக்கவில்லை. பழையது ஒரு வீடு என்றால் இது ஓர் ஊர். எந்தத் தெருவால் போனாலும் இன்னொரு தெரு.

பிறகுதான் நானாவைக் கூப்பிட்டேன்.

கிண்ணியாவில் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். எனக்கு நாலைந்து வயது மூத்தவர்; அங்கே அண்ணனை நானா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நான் கீபோர்ட்டும் அவர் புல்லாங்குழலுமாகப் பத்துப் பதினொரு வருடம் கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று வாசித்திருக்கிறோம். கரையில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்தது குழலால் அல்ல, காதால். தண்ணீர் நிரப்பிய பெரிய தகரப் பரலுக்குள் எஞ்சினை இறக்கி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். "மேல் பிளக்" என்பார். மேல் பிளக்காகத்தான் இருக்கும்.

குழல்களையும் அவரே செய்தார். நாங்கள் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய புதிதில், என் வீட்டுக் குசினி வாசலில் இருந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூங்கிலில் துளை போடுவார். ஊதுவார். "அந்தக் கட்டைய அமத்துங்க" என்பார். கீபோர்ட்டின் சத்தத்தோடு தன் சத்தத்தை ஒட்டவைத்துக் கேட்பார். அரத்தால் இரண்டு இழுவை. மறுபடி ஊதுவார். இரண்டு சத்தமும் ஒன்றாகி, எது குழல் எது பெட்டி என்று தெரியாமல் போகிற இடத்தில் நிறுத்துவார். அப்படி ஐந்து குழல்கள். இரண்டு பக்கமும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்க்குள் அவற்றை வைத்திருந்தார்.

அவருடைய சொந்த மெட்டு ஒன்று இருந்தது. வருடக்கணக்காக இடைவேளைகளில் ஊதுவார், யாரும் பதிந்ததில்லை. அதைப் பதிவதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை வரச் சொன்னேன்.

வந்தார், தேநீர் குடித்தார், கணினியைச் சுற்றி வந்து பார்த்தார். நான் ஒரு மெல்லிய சுருதியை ஓடவிட்டேன். ஊதினார்.

ஏதோ சரியில்லை. இரண்டு சத்தமும் ஒட்டவில்லை. இடையில் ஒரு நடுக்கம், வெயிலில் தார் வீதிக்கு மேல் காற்று நெளிகிற மாதிரி. இன்னொரு குழலை எடுத்தார். அதே நடுக்கம். ஐந்தையும் ஊதிப் பார்த்துவிட்டு மெதுவாகக் குழாய்க்குள் போட்டு மூடினார்.

"கம்பியூட்டரில ஏதோ பிழை, நானா."

"இல்ல தங்கச்சி. போன மாசம் டவுன் ஸ்ரூடியோ ஒண்டுக்கு ஒரு பாட்டுக்கு ஊதப் போனன். அங்கயும் இதே கதைதான். திரையில கோடு காட்டினாங்க. 'சுருதி கூடி நிக்குது, ஒங்களுக்குக் கேக்கலயா?' எண்டு கேட்டாங்க." மூடியை இன்னொரு முறை இறுக்கினார். "எனக்குக் கேக்கல்ல. முப்பது வருசம் எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்ட காது. போய்ட்டு. இனிக் குழல விட்டுட்டன்."

அதன்பிறகு அவர் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து என் கணவர் ஒரு செய்தியோடு வந்தார். வேலையிடத்தில் ஒருவர் தன் படகு எஞ்சினை நானாவிடம் கொண்டுபோயிருக்கிறார். நானா கேட்டுவிட்டு, "கீழ் பிளக் மாதிரித்தான் கெடக்கு, எதுக்கும் வேற ஆளிட்டக் காட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"அவருக்கு என்ன பிடிச்சது?" என்றார் கணவர். "பரலுக்குள்ள தலையை விட்டுச் சத்தியம் பண்ணுற மனிசன்."

குழல் போனால் ஒரு சனிக்கிழமை போகும். காதில் நம்பிக்கை போனால் அந்த மனிதருக்குத் தொழிலே இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கணினியில் அந்தச் சனிக்கிழமைப் பதிவு அப்படியே இருந்தது. அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கணினியில் ஒரு பகுதி உண்டு. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையிலுள்ள தூரத்தை நூறாகப் பிரித்து, நீ எத்தனை பங்கு தள்ளி நிற்கிறாய் என்று காட்டும். நானா ஊதிய ஒவ்வொரு சுரத்தையும் அதில் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு கூட. இருபத்துநான்கு கூட. இருபத்துமூன்று. அடுத்த குழல், இருபத்துமூன்று. ஐந்து குழலும் அப்படியே, ஏறக்குறைய ஒரே அளவு.

அது என்னை விடவில்லை. கெட்டுப்போன காது இவ்வளவு ஒழுங்காகவா கெடும்? ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்து, கண்டபடி அல்லவா போயிருக்க வேண்டும்? குசினிக்கும் மேசைக்குமாக நடந்தேன். சோறு அடிப்பிடித்தது. அப்போதுதான் பழையதின் மேல் கண் போனது. புதியது வந்த நாளிலிருந்து பழையதின் ஆளியை நான் போடவே இல்லை; ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் நான் ஒலிக்க விட்டதே இல்லை.

பழையதின் வயரைக் கணினியில் கொழுவி ஒரு கட்டையை அழுத்தினேன்.

இருபத்துமூன்று கூட.

திரையின் பாதி தெரியாத மெனுவுக்குள் பக்கம் பக்கமாகப் போனேன். கடைசியில், முழுப் பெட்டியின் சுருதியையும் தீர்மானிக்கிற எண் வந்தது. வழக்கமாக 440 இருக்க வேண்டிய இடத்தில் 446 இருந்தது.

அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கிளிவெட்டியில் ஒரு பொங்கல் விழா, காலை வெயில், பள்ளிக்கூடத் திடல். நானாவைச் சந்திப்பதற்கு முந்திய வருடம். நாதஸ்வரக்காரரோடு சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டியிருந்தது. அவருடைய வாத்தியம் என் பெட்டியைவிடக் கொஞ்சம் உயர நின்றது. மரத்தை இறக்க ஏலாது, பெட்டியை ஏற்றலாம். எண்ணை ஏற்றினேன், ஒட்டியது. மின்சாரம் போய் வந்தால் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடுமே என்ற பயத்தில் 'பதி' என்ற பொத்தானையும் அழுத்தினேன். திருப்பி இறக்க மறந்துபோனேன். ஒரு விரல், ஒரு பொத்தான். அந்தப் பெட்டி சொன்னதைச் சொன்னபடி வைத்திருந்தது. அதைக் கேட்டுத்தான் அவர் துளை போட்டார்.

அடுத்த நாள் ஓட்டோ பிடித்து இரண்டையும், கணினி, ஸ்பீக்கர், மைக் எல்லாவற்றையும் ஏற்றினேன். புதியது மடியில் அடங்கியது. பழையது பின்சீற்றில் எனக்கு இடம் தராமல் கிடந்தது. கிண்ணியாப் பாலத்தில் காற்று வந்து அதன் மேல் போட்டிருந்த துணியைத் தூக்கியது. பாலம் முடியும் வரை அதை அமத்திப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஓட்டோக்காரரும் நானும் அதைத் தூக்கி வருவதைப் பட்டறை வாசலில் நின்று நானா பார்த்தார். "என்ன புள்ள, ஆரோ மௌத்தாகி ஜனாஸா தூக்குற மாதிரித் தூக்கிட்டு வாறீங்க?"

"குழலை எடுங்கோ, நானா."

"விட்டுட்டன் எண்டு சொன்னன் தானே."

"ஒரே ஒருக்கா. பிறகு நான் வாயே திறக்கமாட்டன்."

"நீங்க வாய் திறக்காம இருக்கிற எண்டா நான் மூணு தரம் ஊதுவன்."

எண்ணெய்த் தகரங்களுக்குப் பின்னாலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் அதை உரித்தார். பழைய பெட்டியில் நான் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். ஊதினார். இரண்டு சத்தமும் ஒன்றாயின. அவருடைய புருவம் உயர்ந்தது. பிறகு கணினியை ஒலிக்கவிட்டேன். அதே நடுக்கம். குழலை உடனே உதட்டிலிருந்து எடுத்தார்.

"பாத்தீங்களா? காது."

"பொறுங்கோ." கணினியில் 446 என்று அடித்தேன். "இப்ப ஊதுங்கோ."

ஒட்டியது.

"என்ன செஞ்சீங்க?"

"இப்ப செய்யேல்லை, நானா. பன்னிரண்டு வருசத்துக்கு முந்திச் செய்தனான்." கிளிவெட்டி முதல் பொத்தான் வரை முழுவதையும் சொன்னேன். அவர் பழந்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப என்ட காது?"

"பெட்டி சொன்னதை ஒரு நூலும் பிசகாமல் கேட்டிருக்கு. அஞ்சு குழலுக்கும். பிழை என்ர விரலில."

துணியைத் தகரத்தின் மேல் எறிந்தார். பிறகு குரல் உயர்ந்தது. "ஒரு மாசமா வீட்ல அவ ஒண்டு சொன்னா ரெண்டு தரம் கேக்கன், புள்ள! முதல் தரமே வெளங்கினாலும் கேக்கன், சரியாத்தான் வெளங்கிச்சோ எண்டு. அவ டொக்டரிட்டப் போகச் சொல்லி அரிச்சி எடுத்துட்டா. வாங்க உள்ளுக்கு, நீங்களே வந்து அவவுக்குப் பதில் சொல்லுங்க."

"வாறன். பேச்சும் வாங்கிறன்."

ஆனால் அவர் உள்ளே போகவில்லை. தொலைபேசியை எடுத்து, தான் திருப்பி அனுப்பிய படகுக்காரரை அழைத்தார். "அந்த எஞ்சினுக்கு மறுகா என்ன ஆச்சு? ஆரிட்டயும் காட்டினீங்களா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "ஓம் நானா, முந்தநாள் காட்டினன். நீங்கள் சொன்ன கீழ் பிளக்தான். நீங்களே மாத்தியிருந்தா எனக்கு ரெண்டு நாள் தொழில் மிஞ்சியிருக்கும்."

"என்ன சொன்னீங்க?"

"கீழ் பிளக் எண்டு சொன்னனான்."

"ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க."

அந்த மனிதர் திருப்பிச் சொன்னார். நானா தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

பிறகு கணினிக்கு முன்னால் குந்தியிருந்து அந்த எண்ணைப் பார்த்தார். "சரி, நானூத்தி நாப்பதுதான் சரி எண்டு ஆர் சொன்னது?"

"உலகத்தில எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது."

"என்னட்டக் கேக்கலயே."

"என்னட்டயும்தான்."

"ஸ்ரூடியோவுக்கு எண்டு ஆறாவதா ஒண்டு செய்வம். மத்த அஞ்சுக்கும் நீங்கதான் பொறுப்பு."

அன்றே, அந்தப் பட்டறையிலேயே, அவருடைய மெட்டைப் பதிந்தோம். பக்கத்துப் பரலில் யாரோ ஓடவிட்ட எஞ்சினின் உறுமலும் அதில் ஏறிவிட்டது. அதை நீக்கக் கணினியில் வழி உண்டு. நான் நீக்கவில்லை, நானா அதைக் கேட்டுவிட்டு, "அது நல்ல எஞ்சின், கெடக்கட்டும்" என்றார்.

பழைய பெட்டி இப்போது அலுமாரிக்கு மேல் இருக்கிறது, 446-ஐ வைத்துக்கொண்டு. கணினி அப்படி எதையும் வைத்திருப்பதில்லை. புதுப் பாட்டொன்றைத் திறக்கும்போதெல்லாம் கழுவித் துடைத்த முகத்தோடு 440-இல் வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் என் கையாலேயே அந்த ஆறைக் கூட்ட வேண்டியிருக்கிறது. குழலை உதட்டில் வைப்பதற்கு முன் நானா இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்.

"போட்டாச்சா?"

"போட்டிட்டன்."

ஊதிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்.