வீராயி அக்காவின் ஆள்காட்டி விரல்

முத்தியால்பேட்டையில் பாதிப் பேருக்கு வீராயி அக்காவின் முகம் அடையாளம் தெரியாது. ரத்தம் எடுக்கும்போது எல்லோரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்களே, பிறகு எப்படித் தெரியும்? ஆனால் கை தெரியும். அந்தம்மா இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் பரிசோதனை நிலையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிவிடுவார்கள். நிலையத்தின் முதலாளி டாக்டர் பலராமன் பெரிய படிப்பு படித்தவர். அவரே ஊசியோடு வந்தாலும் ஆட்கள் கையை மடக்கிக்கொள்வார்கள். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

நான் பூர்ணிமா. முன்மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதுகிறவள், முடிவுகளை டைப் அடித்துக் கொடுக்கிறவள். முன்கோபி, வாய் நீளம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். பொய் இல்லை.

அக்கா பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பள்ளிப்படிப்பு முடித்து ஒரு வருஷம் பயிற்சி எடுத்தார், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தார். மகள் மாலாவுக்கு மூன்று வயதாகும்போது புருஷன் செத்துப்போனார். அதற்குப் பிறகு ஊசி பிடிக்கிற அந்தக் கைதான் அவர்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. நான் சொல்லப் போகிற 2005இல் மாலா கல்லூரியில் இரண்டாம் வருஷம். அம்மாவின் கை ஒரு மாதம் ஓய்ந்தால் அவள் படிப்பும் ஓய்ந்துவிடும். இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காலையில் வந்ததும் அக்கா ஒரு ஜோடி கையுறையை எடுப்பார். அன்று முழுக்க அதே ஜோடிதான். இடது கையுறையில் ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் கத்தரித்து எறிந்துவிடுவார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வெறும் விரலால் முழங்கை மடிப்பைத் தடவி, நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பார். ரப்பர் போட்ட விரலுக்கு நரம்பு பேசாது என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்த கீறல் ஒன்று அந்த விரலில் எப்போதும் இருக்கும். நாங்கள் யாரும் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கைராசி என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

அக்கா எதற்கும் அதிர்ந்து நான் பார்த்ததில்லை. மயங்கி விழுகிறவர்கள், அழுகிறவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் ரகசியமாகப் பரிசோதிக்க வருகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே பதில், ஒக்காருங்க என்பதுதான். அதிர்ச்சி அடைகிற வேலையை அவருக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானத்தில் வந்தார்கள். ஜூல், க்ளெமான்ஸ். இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாவின் வழியில் அந்த நாட்டுக் குடியுரிமை வந்த, ஊரில் சொல்தா என்கிற சிப்பாய்க் குடும்பம். கண்ணியமான உடுப்பு, மெல்லிய பேச்சு. எய்ட்ஸ், பி வகைக் காமாலை, சி வகைக் காமாலை மூன்றுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எதற்காக என்று கேட்டேன். கேட்பது என் வேலை இல்லைதான், இருந்தாலும் கேட்டேன். ரத்தம் எடுக்கிற அம்மாவிடம்தான் சொல்வோம் என்றார் ஜூல்.

உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்து, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வா என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். அவர்கள் சொன்னதை எனக்கும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். ஜூல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தாங்கள் தனியாக இருக்கும் வேளைகளில், ஒருவர் விருப்பத்தோடு மற்றவர் தோளில் லேசாகக் கீறி ரத்தம் பார்ப்பது உண்டு. இரண்டு பேருக்கும் அது பிடித்திருக்கிறது. மூன்று வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, போன மாதம் ஒரு கீறல் சீழ் பிடித்துவிட்டது. மருத்துவரிடம் கண்ணாடி குத்தியது என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் பயம் வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டின புருஷனும் பெண்டாட்டியும் செய்கிற காரியமா இது? கையில் பேனா இருந்ததால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அக்கா துரத்திவிடப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அக்கா ஜூலை மட்டும் வெளியே அனுப்பினார். பிறகு க்ளெமான்ஸ் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மதாம், அவரு இல்ல இப்ப. உண்மைய சொல்லுங்க. உங்களுக்கு இஷ்டமா, இல்ல அவருக்காகப் பொறுத்துக்கிறீங்களா?"

முதலில் ஆசைப்பட்டதே தான்தான் என்றார் க்ளெமான்ஸ். என் பேனா கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தம்மாவை வெளியே அனுப்பி, ஜூலைக் கூப்பிட்டு அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். இரண்டு பதிலும் ஒத்துப்போன பிறகுதான் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தார்.

எதால் கீறுகிறீர்கள் என்று கேட்டார். தாத்தாவின் சவரக் கத்தி என்றார் ஜூல். ஒவ்வொரு தடவையும் ஓ-து-கொலோன் போட்டுத் துடைத்துவிடுவோம் என்று பெருமையாகவே சொன்னார். அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து எந்தக் காயத்துக்கும் அந்த வாசனைத் தண்ணீர்தானாம். அதே கத்தி, அவர் தோளுக்கும் இவர் தோளுக்கும்.

அக்கா பெருமூச்சு விட்டார். "முசியே, அது வாசனைக்குத்தான் ஆவும். காமாலைக் கிருமி காஞ்ச ரத்தத்துலயே ஒரு வாரம் உசுரோட கெடக்கும். அந்தக் கத்திய இனிமே தொடாதீங்க."

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். செய்யாமல் இருப்பதுதான் முழுப் பாதுகாப்பு, அதை முதல் வரியில் போடு என்றார். மீறிச் செய்தால், உறை பிரிக்காத புது ஊசி முனை, ஆளுக்கு ஒன்று, ஒரு தடவைக்குத்தான். ஒருவர் மேல் பட்டது மற்றவர் மேல் படக் கூடாது. இரண்டு பேருக்கும் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணை, கூடவே டெட்டனஸ் ஊசி. சி வகைக்கும் எய்ட்சுக்கும் தடுப்பூசி கிடையாது, அதனால் இன்றைக்கு நல்லபடியாக வந்தாலும் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தாக வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, தொடையின் உட்பக்கம் பக்கமே போகக் கூடாது. ரத்தம் வாயிலோ கண்ணிலோ படக் கூடாது. குடித்துவிட்டுக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒருபோதும் ஆகாது. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கிழிசல் இல்லாத கையுறை வேண்டும். போதும் என்று ஒருவர் சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சுத்தத் துணியால் பத்து நிமிஷம் அழுத்தியும் நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அங்கே கண்ணாடி குத்தியது என்று கதை விடக் கூடாது. வேலை முடிந்த ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி எங்களிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், குப்பை வாருகிறவர் கையில் குத்தக் கூடாது.

"எல்லாத்துக்கும் மொத, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் எதையும் மறைக்கக் கூடாது. ரிசல்ட் எது வந்தாலும் ரெண்டு பேரும் சேந்து படிங்க."

க்ளெமான்ஸ் நான் எழுதியதை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு அக்கா ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தார். எல்லோரும் முகத்தைத் திருப்புவார்கள் என்றேனே, இந்தம்மா திருப்பவில்லை. அவர் கண் அக்காவின் விரலில் நின்றது.

"கிழிசல் இல்லாத கையுறைன்னு எழுதச் சொன்னீங்க. உங்களுது ஏன் வெட்டியிருக்கு?"

நரம்பு தெரிய வேண்டுமே என்றார் அக்கா. விரலில் கீறல் இருக்கிறதே என்றார் க்ளெமான்ஸ். குத்தலாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. யார் யாருக்குப் புத்தி சொல்வது? வாயைத் திறந்துவிட்டேன், அக்கா என் காலை மிதித்தார். புது ஜோடி ஒன்றை எடுத்து முழுதாகப் போட்டுக்கொண்டார். நரம்பு கிடைக்க இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. அவர் இரண்டாவது தடவை குத்தி நான் பார்த்தது அதுதான் முதல்.

மறுநாள் அவர்களுக்கு மூன்றும் நல்லபடியாக வந்தன. இரண்டு பேரும் சேர்ந்து நின்று படித்தார்கள். மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அக்கா உள்ளே போய் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் கையிலிருந்து தானே ரத்தம் எடுத்தார். என்ன அக்கா இது என்றேன். பதினெட்டு வருஷமாக எனக்கு நான் பார்த்துக்கொண்டதே இல்லை என்றார். தடுப்பூசியும் போட்டதில்லை. எங்களுக்கு யாரும் போட்டுவிட்டதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

இருபது நிமிஷத்தில் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். பி வகைக் காமாலை. சந்தேகத்துக்கு இன்னொரு அட்டையில் பார்த்தார். அதிலும் இரண்டு கோடு.

எனக்கு மாலாவின் முகம்தான் முதலில் தெரிந்தது. டாக்டர் மாடியில் இருந்தார், எங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அக்காவின் நன்மைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"ரெண்டு அட்டையையும் தூக்கிப் போட்டுடலாங்கா. உனக்கு நெகடிவ்னு ஒரு தாள் அடிச்சித் தர்றேன். நாளையிலேருந்து முழுசா கையுறை போட்டுக்கோ. யாருக்குத் தெரியப் போவுது?"

எதற்கும் அதிராத வீராயி அக்கா அதிர்ந்தது அப்போதுதான். வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். நேற்று அந்தப் புருஷன் பெண்டாட்டியை நான் எப்படிப் பார்த்தேனோ, அதைவிட மோசமாகப் பார்த்தார்.

"அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்கலடி. கேட்டுட்டுத்தான் தொட்டுக்கிறாங்க. நான் எத்தினி பேரக் கேக்காம இந்தக் கீறலோட தொட்டிருக்கேன். நீ என்னான்னா தாள் அடிக்கிறேங்கிற." அட்டையை மேசையில் வைத்தார். "மாசா மாசம் சக்கரைக்கு உனக்கு யாரு எடுக்கறா?"

அவர்தான். ஆறு வருஷமாக அவர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

அக்கா இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். டாக்டர் கத்தவில்லை. தடுப்பூசி போட்டுவிடாதது தன் தப்பு என்றார். நிபுணரைப் பார்த்து மேற்கொண்டு பரிசோதனைகள் முடியும் வரை ஊசியைத் தொட வேண்டாம், அது எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது, அதுவரை வேறு வேலை தர வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார். பயந்த அளவுக்கு ஆபத்து இருக்காது, ஆனாலும் அவரிடம் ரத்தம் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். அதை நானே சொல்கிறேன் என்றார் அக்கா. வாடிக்கைக்காரர் பாதிப் பேர் வராமல் போய்விடுவார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

பட்டியலில் முதல் ஆள் நான். டாக்டரே எடுத்தார். ஒரு தடவை குத்தினார், வரவில்லை. இன்னொரு தடவை, அதுவும் இல்லை. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றார், கிட்டே வரவில்லை. அவளுக்கு நரம்பு ஆழத்தில் இருக்கும், நழுவும், தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்தே சொன்னார். அவர் சொன்ன இடத்தில் கிடைத்தது.

"எது வந்தாலும் வந்தபடி அடி" என்றார் என்னிடம்.

இருபது நிமிஷம் அட்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு கோடுதான் விழுந்தது. பூர்ணிமா, வயது முப்பத்தெட்டு, நெகடிவ் என்று அடித்தேன். அடுத்த தாளை மாட்டி, வீராயி, வயது நாற்பத்தாறு என்று அடித்தேன். அதற்கு எதிரே வந்த முடிவையும் வந்தபடியே அடித்து, அவர் கையில் கொடுத்தேன்.