கண்ணாடிக்கு நேரே தூக்கிய கை

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது. அந்தப் பழைய வானொலி நிலையத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் சட்டம் அதுதான். கொழிஞ்சாம்பாறையில் முதல் பஸ் பிடித்து, மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்குவோம். இரட்டைக் கதவு, துளை போட்ட பலகைச் சுவர், காலடிச் சத்தமே கேட்காத கம்பளம். பெரிய பெரிய வித்வான்கள் உட்கார்ந்து வாசித்த இடமாயிற்றே என்று, செருப்பைக் கழற்றும்போதே கும்பிட்டுக்கொள்வேன். அப்படியொரு பைத்தியம் எனக்கு. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

பாடகர் எங்கள் ஊர்க்காரர்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருஷம் அவருக்கு நான்தான் வாசித்தேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துத் தருவார். தன் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இட்லியில் பாதியை எனக்கு எடுத்து வைப்பார். நல்லவர் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதனால்தான் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பதிவின் நடுவே பிசகு வந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி டேப்பை நிறுத்திவிட்டு, யார் என்று கேட்பார். பிசகியது யாராக இருந்தாலும் பக்கவாத்தியக்காரன்தான் கையைத் தூக்க வேண்டும். பாடுகிறவருக்கு மனசு கலங்கினால் அன்றைக்கு அப்புறம் குரல் எழும்பாது. வாத்தியத்துக்கு என்ன, மறுபடி தட்டினால் ஆயிற்று என்பார்கள். இதைத் தியாகம் என்றெல்லாம் யாரும் நினைத்ததில்லை. பந்தியில் இலை எடுப்பதுபோல அதுவும் ஒரு வேலை.

அன்றைக்கு நடந்த பதிவு அவருக்குப் பெரிய விஷயம். அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலிடத்தில் அவருக்கு அடுத்த கிரேடு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஸ்வரமெல்லாம் பாடி முடித்துப் பல்லவிக்குத் திரும்பும்போது ஒரு தட்டு தள்ளி வந்து விழுந்தார். நான் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், மூடி மறைக்க முடியவில்லை. விளக்கு அணைந்தது. அதிகாரி மலையாளத்தில், யாருடைய தப்பு என்று கேட்டார். அண்ணா என்னைப் பார்க்கவில்லை, சுருதிப் பெட்டியைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

இரண்டாம் முறை தேன் மாதிரிப் பாடினார். வெளியே படிக்கட்டில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாகற வரைக்கும் இதெ மறக்க மாட்டன் தம்பி," என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் கலங்கிப்போனேன், மடையன்.

அவருக்குக் கிரேடு வந்தது. எனக்கு அதற்கப்புறம் நிலையத்திலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. தபால்காரர் எங்கள் வீதிக்கு வரும் நேரம் பார்த்து என் மனைவி வாசல் கூட்டுவாள். ஒரு தப்புக்காகவா இப்படி என்று அந்த அதிகாரியை மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது. கோவிந்தாபுரம் பக்கத்துக் கோயில்களில் வாசித்தேன், தென்னைக்குத் தண்ணீர் கட்டினேன், காலம் ஓடிவிட்டது. அண்ணா மேடைகளில், ஒருக்கா ரேடியோவில் எங்கள் தம்பி கோட்டை விட்டான் என்று என் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். நானும் கூட்டத்தோடு சிரித்திருக்கிறேன்.

போன மாதம், அந்தக் கூடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று பழைய கலைஞர்களையெல்லாம் ஒரு நாள் அழைத்திருந்தார்கள். அந்த அதிகாரியும் தடி ஊன்றி வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, கை நடுக்கம் தேவலையா என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தப்புக்கெல்லாம் யாரையும் நிறுத்த மாட்டோம், தம்பிக்குக் கை நடுக்கம், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று அன்று மாலையே உங்கள் பாடகர்தான் வந்து சொன்னார் என்றார்.

மறுநாளே அண்ணா வீட்டுக்குப் போனேன். முட்டி வலி என்று கட்டிலில் படுத்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். மறுப்பார், கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"ஆமா தம்பி, நாந்தான் சொன்னன். தப்பு என்னோடதுன்னு தெரிஞ்ச ஆளு பக்கத்துலயே உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தொண்டை தொறக்கும்?"

"நான் ஆருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டனுங்களே, அண்ணா."

"தெரியும்," என்றார்.

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை என்றால், என் மனைவியிடமும்தான். பாட்டுக்காரர் மானம் என்று அவளிடமும் மறைத்தேன். என் கைதான் தவறியது என்று நம்பியே அவள் போய்ச் சேர்ந்தாள். நோய் முற்றிப் படுக்கையில் விழுகிற வரைக்கும் தினமும் காலையில் என்னை உட்கார வைத்து, "செரியாப் போயிருமுங்க," என்று சொல்லிச் சொல்லி, ஒரு கேடும் இல்லாத இந்த வலது மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். நான் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.