சித்தி குறைத்து வாங்கிய மார்க்

எங்கள் வீட்டில் மார்க் குறைந்தால் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். ரேங்க் கார்டை ரேடியோவுக்கு மேல் வைத்துவிட்டு, நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை. அப்படிப்பட்ட மனிதர் மார்க் குறைந்ததற்காக ஒருநாள் பால்கோவா வாங்கி வந்தார். எனக்கல்ல, சித்திக்கு.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் கூடவே இருந்துகொண்டு, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அவள் கன்னம் இரண்டும் சிவந்து தடித்தன. விரல்களை மடக்க முடியவில்லை; அம்மாதான் சோறு ஊட்டினாள். சூடு என்றார்கள், அம்மை என்று வேப்பிலையும் செருகினார்கள். கடைசியில் மதுரை டாக்டர் ஒருவர் ரத்தத்தைச் சோதித்து, நோயை விரட்ட வேண்டிய எதிர்ப்பொருள்களே இவள் உடம்பைத் தாக்குகின்றன என்று கண்டுபிடித்தார். ரத்தத்தை எத்தனை மடங்கு வரை நீர்க்கச் செய்தாலும் அவை தென்படுகின்றன என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்களாம். எண் கூடக் கூட ஆபத்து. சித்திக்கு அறுநூற்று நாற்பது. சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருந்தது. அந்த எண் இறங்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்த விஷயம். ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான். நூற்றுக்கு நாற்பது வாங்கவே நாக்குத் தள்ளிய எனக்குச் சித்தி மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. மடவார் வளாகம் கோவிலுக்குக் கூட்டிப்போனபோது அம்மா கண்ணை மூடி என்ன வேண்டினாளோ, நான் வைத்தியநாத சுவாமியிடம், அடுத்த தடவை சித்திக்கு ஆயிரமாகப் போடும்படி கேட்டுக்கொண்டேன்.

மாத்திரை தின்று தின்று சித்தியின் முகம் உப்பியது. சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வாங்க மதுரைக்குப் போன அப்பா, திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “எண்பதுக்கு எறங்கிருச்சு” என்றார். அம்மா அழுதாள். வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வாங்கிய பால்கோவாவை அப்பா பையிலிருந்து எடுத்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கொரு நியாயம், சித்திக்கொரு நியாயமா? ஆனாலும் தோற்றுப்போனவளிடம் என்ன கோபம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“விடுங்க சித்தி. ஆயிரம் போடச் சொல்லித்தான் சாமிகிட்ட கேட்டேன். அடுத்த தடவ போட்ருவாரு.”

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். படுத்த நாளிலிருந்து கேட்காத சிரிப்பு.

“ஏட்டி, இனிமே எனக்காக வேண்டிக்கிடாத. நான் பெயிலாவே இருந்துக்கிடுதேன்.”

சொன்னபடியே இன்றுவரை ரத்தம் கொடுத்து, குறைந்த மார்க்கே வாங்கிக்கொண்டிருக்கிறாள். அன்று அவள் பால்கோவாவைக் கிள்ளி எனக்கு ஊட்டிவிட்டாள். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். அம்மா மட்டும் இனிப்பைத் தொடாமல் தங்கையின் விரல்களையே ஏன் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு விளங்கவில்லை.