செயின் மாற்றிய நாளில் ஏகாம்பரம் மாமா

மிஷின் சத்தத்துக்கு நடுவே ஃபோர்மேன் வந்து என் தோளைத் தொட்டார். காஞ்சிபுரத்திலிருந்து போன் வந்ததாம். ஏகாம்பரம் மாமா தவறிவிட்டாராம். "எந்த லாரி?" என்றுதான் முதலில் கேட்டேன். லாரி எதுவும் இல்லை. கோயிலுக்குள் போன சவாரிக்காக வெளியே காத்திருந்தவர், வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டியில் கை பிரேக் போட்டிருந்தது. பின் சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருந்தது. மேடு பள்ளம் இல்லாத தெருவில் எதற்குக் கல் என்று அவரைத் தெரியாதவர்கள் கேட்கலாம். தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

என் அக்காள் சரோஜாவின் கணவர் அவர். இறந்தவரைத் தைரியசாலி என்று எழுதுவது வழக்கம். நான் எழுதப்போவதில்லை. மாமா பயந்தவர். மழைக்குப் பயம், எதிரே வரும் பஸ்ஸுக்குப் பயம், ரிவர்ஸ் எடுக்கப் பயம். தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி டாக்ஸியாக ஓட்டியவருக்கு இத்தனை பயம் ஏன் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். "ஏகாம்பரம் வண்டின்னா, நாளைக்கு முகூர்த்தத்துக்கு இன்னிக்கே ஏறிக்கணும்பா" என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். "ஏறுனவங்க முழுசா போய்ச் சேர்ந்தாங்களா, இல்லியா?" என்பார் அவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் டிப்ளமா முடித்த வருஷம், அக்காள் நிறைமாதமாக இருந்தாள். குழந்தை குறுக்கே கிடப்பதாகவும், வலி எடுத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்காக மாமா சவாரிக்குப் போவதை நிறுத்திவிட்டு வண்டியை வாசலிலேயே வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து இன்ஜினின் முன்பக்கத்தில் ஒரு சலசலப்பு கேட்டது. டைமிங் செயின் தளர்ந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அது அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்றேன். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நாள் கணக்கில் இழுப்பார்கள். ஆகவே வீட்டு வாசலிலேயே பிரிப்பது என்று முடிவாயிற்று.

"பிரிச்சிப் போட்டிருக்கசொல்ல வலி வந்துட்டா?" என்றார் மாமா.

"அதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றேன்.

தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீட்டியிருந்த நூல் பாவை அக்கம்பக்கத்தார் சுருட்டி எடுக்கும்வரை காத்திருந்து வேலையைத் தொடங்கினோம். ரேடியேட்டரை இறக்கி, முன் மூடியைக் கழற்றினேன். புதுச் செயினைப் பழையதோடு பிணைத்து அப்படியே இழுத்துவிடலாமே என்றார் மாமா. தறியில் புதுப் பாவைப் பழைய பாவின் நுனிகளோடு பிணைத்துத்தான் ஏற்றுவார்கள். "மாமா, இது பாவு இல்ல. இதுக்கு நுனியே கிடையாது" என்றேன். பல் சக்கரங்கள் இரண்டையும் செயினோடு சேர்த்து உருவி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் கொண்டுவரப் பின்கட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், சக்கரம் கழன்று வெறுமையாக நின்ற கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் சேர்த்துச் சிவப்புப் பட்டு நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் தறியை வெறுமையாக விட மாட்டார்கள், பாவை அறுக்கவும் மாட்டார்கள். அது அவர்கள் குடும்பப் பழக்கம். தறியை விட்டு வந்தும் அது அவரை விடவில்லை. "வெறுமையா இருக்க வாணாம் மச்சான். அவ உள்ள படுத்துக்கினு இருக்குறா" என்றார். நூல் இருந்தால் சக்கரம் ஏறாது என்றேன். அவிழ்க்கப் பார்த்தார். அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. எனக்குப் பொறுமை போயிற்று. பிளேடை எடுத்து அறுத்துவிட்டேன்.

உள்ளே அக்காள் வீறிட்டாள்.

நூலுக்கும் வலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் பிளேடைக் கீழே போட்டுவிட்டேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, கடைசிவரை சொல்லவில்லை.

வேறு டாக்ஸி தேட ஸ்டாண்டுக்கு ஓடிய அவர் தம்பி வெறுங்கையோடு திரும்பினார். முகூர்த்த நாள், எல்லா வண்டியும் வெளியூர் போயிருந்தது. புதுச் செயினைச் சக்கரங்களில் மாட்டி, அவற்றிலுள்ள அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துத் தண்டுகளில் ஏற்றினேன். ஒரு பல் தப்பினால் இன்ஜின் கிளம்பாமலே போகலாம், வால்வு வளைந்தாலும் வளையலாம். "நேரா இருக்குதா? நல்லா பாரு மச்சான்" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். "வாய மூடுங்க மாமா" என்று கத்தினேன். உள்ளே அக்காளின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. மூடியைப் பூட்டி, ரேடியேட்டரை ஏற்றித் தண்ணீர் ஊற்றி, கைப்பிடியால் இன்ஜினை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் இடிக்கவில்லை. மாமா சாவியைத் திருப்பினார். இருமியது, நின்றது. மறுபடி திருப்பினார். பிடித்துக்கொண்டது.

நான் ஓட்டுகிறேன் என்றதற்கு அவர் ஒப்பவில்லை. அன்றைக்காவது பறந்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, மாட்டு வண்டிக்கெல்லாம் ஒதுங்கி, எப்போதும் போலவே ஓட்டினார். பின் சீட்டில் அக்காள் முனகும்போதெல்லாம் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தலை திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காளை உள்ளே கொண்டுபோனார்கள். மாமா இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. அங்கே முடியாது என்று சொல்லிவிட்டால் அப்படியே மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டுமே, அணைத்த வண்டி திரும்பக் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் வீணாகிறது, அணையுங்கள் என்றேன்.

"அவ நல்லா இருக்குறான்னு யாராச்சும் வந்து சொல்லட்டும்பா. அப்பால அணைக்கிறேன்."

வெகு நேரம் கழித்து நர்ஸம்மா வெளியே வந்து, பெண் குழந்தை, தாயும் நலம் என்றார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் மாமாவின் கை சாவிக்குப் போனது.

மாமா, நேற்று உங்கள் காரியம் முடிந்தது. அக்காள் இரண்டு வாய் சாப்பிட்டாள். அன்றைக்குப் பிறந்த பாப்பா அவள் பக்கத்தில் தூங்குகிறாள். நான் கூடவே இருக்கிறேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நானே வந்து சொல்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள், மாமா.